காற்று மிச்சமிருந்தும் மேலே ஏறச் சொல்வது ஏன்? ஸ்கூபாவில் நைட்ரஜன் கணக்கு

சிலிண்டரில் 120 பார் ('பார்' என்பது அழுத்த அளவு) காற்று இருக்கும். கையில் கட்டிய டைவ் கம்ப்யூட்டரோ இந்த ஆழத்தில் இன்னும் 3 நிமிஷம்தான் என்று காட்டும். முதல் ஆழமான டைவில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. காற்றுக்கு ஒரு கணக்கு, நைட்ரஜனுக்கு இன்னொரு கணக்கு என்பது அப்புறம்தான் உறைத்தது.

படி 1: அழுத்தம்

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மேலே 1, 10 மீட்டரில் 2, 30 மீட்டரில் 4. காற்றில் 79 சதவீதம் நைட்ரஜன். அதனால் 30 மீட்டரில் அதன் பங்கு 0.79-லிருந்து 3.16 ஆகிவிடும். உடம்பு அதைப் பயன்படுத்தாது. அது ரத்தத்தில் கரைந்து திசுக்களில் ஊறிக்கொண்டே இருக்கும்.

படி 2: எது எவ்வளவு வேகமாக ஊறும்?

ஒரே பாத்திரத்தில் அவலையும் கொண்டைக்கடலையையும் ஊறப் போடுங்கள். அவல் ஐந்து நிமிஷத்தில் ரெடி. கடலைக்கு ஒரு ராத்திரி வேண்டும். திசுக்களும் அப்படித்தான். 1908-இல் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் விஞ்ஞானி ஆடுகளை வைத்துச் சோதனை செய்து, உடம்பை 5, 10, 20, 40, 75 நிமிஷ 'அரைநேர'த் திசுக்களாகப் பிரித்தார். அரைநேரம் என்றால், மிச்சமுள்ள இடைவெளியில் பாதி நிரம்ப ஆகும் நேரம். 30 மீட்டரில் 20 நிமிஷம் இருந்தால் 5 நிமிஷத் திசு 50, 75, 87.5 என்று ஏறிக் கிட்டத்தட்ட 94 சதவீதம் நிரம்பிவிடும். 75 நிமிஷத் திசு 17 சதவீதத்தைத் தாண்டாது. ஆழத்தில் அவலைப் பார்த்துப் பயப்பட வேண்டும், மேலோட்டமான நீண்ட டைவில் கடலையைப் பார்த்து.

படி 3: டேபிளைப் படிப்பது

பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் டேபிளில் நிறுத்தமில்லாமல் மேலேறக்கூடிய வரம்பு: 12 மீட்டருக்கு 147 நிமிஷம், 18-க்கு 56, 30-க்கு 20, 40-க்கு வெறும் 9. 17 மீட்டர் போனால் 18-இன் வரிசையைப் பாருங்கள். தொட்ட அதிகபட்ச ஆழம்தான் கணக்கு. அங்கே ஒரு நிமிஷமே இருந்தாலும் அதேதான். இறங்க ஆரம்பித்த நொடியிலிருந்து நேரம் ஓடும். இந்த இடத்தில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள்.

படி 4: மேலேறுவது

வரம்புக்குள் இருந்தாலும் சரசரவென ஏறினால் ஊறிய நைட்ரஜன் குமிழ்களாகும். மூட்டுவலி, மரத்துப்போதல், சில சமயம் பக்கவாதம் வரை போகும். நிமிஷத்துக்கு 9 மீட்டர் போதும். 40-லிருந்து 30-க்கு வரும்போது அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். கடைசி 10 மீட்டரில் பாதியாகிவிடும். அதனால்தான் 5 மீட்டரில் 3 நிமிஷம் நிற்கச் சொல்கிறார்கள். போரடிக்கும், நில்லுங்கள்.

படி 5: அடுத்த டைவ், விமானம்

கரைக்கு வந்து ஒரு மணி நேரம் ஓய்வெடுத்தாலும் கொண்டைக்கடலை மாதிரியான மெதுவான திசு இன்னும் ஊறியபடியேதான் இருக்கும். இரண்டாவது டைவின் வரம்பு அந்த மிச்சத்தையும் சேர்த்துக் குறையும். ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரம் காத்திருங்கள், பல டைவ்கள் என்றால் 18. டைவுக்குப் பிறகு மூட்டு வலித்தால் 'தூக்கத்தில் பிசகியிருக்கும்' என்று விடாதீர்கள். சுத்த ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறை உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறுபடி கடலுக்குள் இறங்கிச் சரிசெய்யப் பார்ப்பது ஆபத்து.