பேக்கன் சேர்த்த பேக்ட் பீன்ஸ்: கொடைக்கானல் உயரத்துக்கு ஏற்ற செய்முறை

பேக்ட் பீன்ஸ் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, தக்காளிச் சாற்றில் மிதக்கும் டப்பா பீன்ஸ்தான். இங்கே சொல்லப்போவது அதற்கு மூத்த வகை. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில், குறிப்பாகப் பாஸ்டன் நகரில், உலர்ந்த வெள்ளை பீன்ஸை உப்பிட்ட பன்றிக்கறியோடும், சர்க்கரை காய்ச்சும்போது எஞ்சும் கரிய பாகான மொலாசஸோடும் மண்சட்டியில் இட்டு, சனிக்கிழமை இரவு உணவுக்காக நாள் முழுதும் சூளை அடுப்பில் வேகவைப்பது பழைய வழக்கம். கொடைக்கானலில் 1845ஆம் ஆண்டு முதல் பங்களா கட்டிக் குடியேறியவர்கள் மதுரைப் பக்கம் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிமார் என்பதால், இந்தச் சமையல் இவ்வூருக்கு அவ்வளவு அந்நியமானதன்று. எங்கள் தாத்தா அப்படியொரு பங்களாவின் சமையற்கட்டில் வேலை பார்த்தவர். மொலாசஸுக்குப் பதிலாகக் கருப்பட்டி போடும் வழக்கம் எங்கள் வீட்டுக்கு அவர் கையால் வந்தது.

இந்தப் பண்டத்தில் கைதேர்ந்தவர்களும் மலையில் தவறவிடுவது ஒன்றுண்டு. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் நீரின் சூடு அதற்கு மேல் ஏறாது. ஆகவே சமவெளியில் ஒன்றரை மணி நேரத்தில் வேகும் பீன்ஸ் இங்கே மூன்று மணி நேரமானாலும் நடுவில் மாவு கட்டியாகவே நிற்கும். அதன்மேல் இனிப்பையும் புளிப்பையும் முன்கூட்டியே சேர்த்துவிட்டால் முழுவதும் கெட்டது. தக்காளியின் புளிப்பும் பாகில் உள்ள சர்க்கரையும் சுண்ணாம்புச் சத்தும் பீன்ஸின் தோலை இறுக்கிவிடும். நான் தனியாக முதன்முறை செய்தபோது எல்லாவற்றையும் ஒன்றாகச் சட்டியில் கொட்டி அவன் (oven) அடுப்பில் வைத்தேன். ஆறு மணி நேரம் கழித்து, கீழே வத்தலக்குண்டிலிருந்து வந்திருந்த உறவினர்கள் தட்டோரத்தில் பீன்ஸை ஒதுக்கிவைத்த ஓசை, கூழாங்கல் உருள்வது போலவே கேட்டது. அன்றிலிருந்து, பீன்ஸ் முழுதாக வெந்த பிறகே கருப்பட்டியும் தக்காளியும் அதன் பக்கத்தில் வர வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

எட்டுப் பேருக்கு அரை கிலோ உலர்ந்த வெள்ளை ராஜ்மா போதும். கிடைக்கிற வகையில் சிறிய மணியாகப் பார்த்து வாங்குங்கள். பழைய சரக்கு எத்தனை விசில் விட்டாலும் மசியாது. தோல் சுருங்கியும் உடைந்தும் இருந்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பச்சைப் பட்டர் பீன்ஸ் வரும் காலமானால் அதையே உரித்துப் போடலாம், ஊறவைக்கும் வேலை மிச்சம். ஆனால் அது சீக்கிரம் குழையும், சட்டியில் நெடுநேரம் தாங்காது என்பதால் எனக்கு உலர்ந்த மணியே பிடிக்கும்.

முதல்நாள் இரவே இரண்டு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து அதில் ஊறவையுங்கள். உப்பு போட்டால் வேகாது என்று சொல்வதை நம்ப வேண்டாம். ஊறும் நீரில் உள்ள உப்பு தோலை இளக்கத்தான் செய்கிறது. குளிர்கால இரவுகளில் இங்குள்ள சமையலறை ஏறக்குறைய குளிர்சாதனப் பெட்டிதான் என்பதால் வெதுவெதுப்பான நீரில் தொடங்கி, பன்னிரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். காலையில் ஒரு மணியை நகத்தால் பிளந்து பாருங்கள். நடுவில் வெள்ளையாக உலர்ந்த கோடு தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும்.

ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதிய தண்ணீர் ஊற்றி, குக்கரில் பாதிக்கு மேல் போகாதபடி நிரப்பி, நுரை பொங்கி வால்வை அடைக்காமலிருக்க ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மூடுங்கள். குக்கரை நான் இங்கே வலியுறுத்துவதற்குக் காரணம் நேரம் மட்டுமன்று. ராஜ்மா இனத்தில் இயல்பாக உள்ள ஒரு நச்சுப்பொருள், நன்றாகக் கொதித்தால்தான் அழியும். ஊறவைத்த பீன்ஸை நேராக மிதமான சூட்டில் அவனிலோ ஸ்லோ குக்கரிலோ வைத்தால் அது அழியாமல் நின்று, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவழைக்கும். சிவப்பு ராஜ்மாவில் இது மிகுதி, வெள்ளையில் குறைவு என்றாலும், இல்லாமலில்லை. குக்கருக்குள் இந்த உயரத்திலும் சூடு 115 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்து, ஆவி தானே அடங்கும்வரை காத்திருங்கள். பிறகு இரண்டு மணிகளைக் கரண்டியில் எடுத்து மெல்ல ஊதிப் பாருங்கள். தோல் வெடித்து, வெங்காயச் சருகு போலச் சுருண்டு எழுந்தால் பதம் வந்துவிட்டது. அசையாமல் இருந்தால் மேலும் ஐந்து நிமிடம். வடித்த நீரைக் கீழே ஊற்றாதீர்கள், சட்டிக்கு அதுதான் வேண்டும்.

பேக்கன், அதாவது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக்கறி, கால் கிலோ. கனமான துண்டாகக் கிடைத்தால் நல்லது. கடைகளில் பெரும்பாலும் உறைய வைத்த மெல்லிய வார்களாகவே கிடைக்கிறது, அதுவும் போதும். புகையூட்டியதாகப் பார்த்து வாங்குங்கள், ஏனெனில் இந்தப் பண்டத்தின் வாசனையில் பாதி அந்தப் புகைதான். மூன்று வார்களைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஓர் அங்குல அகலத்துக்கு நறுக்குங்கள். எண்ணெய் விடாமல், சூடேறாத வாணலியில் பரப்பி, சிறு தீயில் வையுங்கள். சூடான வாணலியில் போட்டால் இறைச்சி கருகிக் கொழுப்பு உள்ளேயே தங்கிவிடும். மெல்லச் சூடேற்றினால் கொழுப்பு கண்ணாடி போலத் தெளிந்து உருகி வெளியே வரும், துண்டுகளின் ஓரம் சிவந்து சுருளும். அந்தக் கொழுப்பிலேயே பொடியாக நறுக்கிய மூன்று வெங்காயத்தையும், ஆறு பல் மலைப்பூண்டையும் பொன்னிறம் வரை வதக்குங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டின் காரம் கொஞ்சம் கூடுதல் என்பதால் ஆறுக்கு மேல் வேண்டாம். நான்கு தக்காளியை அரைத்து ஊற்றி, பச்சை வாசனை போகச் சுண்டவிடுங்கள்.

நூற்றிருபது கிராம் கருப்பட்டியைத் தட்டி, ஒரு குவளை வெந்நீரில் கரைத்து, துணியில் வடிகட்டுங்கள். இதைச் சோம்பலால் தவிர்த்தால் கடைசியில் பல்லில் மணல் நறநறக்கும். மொலாசஸின் மெல்லிய கசப்பும் ஆழமும் வெல்லத்தில் கிடைப்பதில்லை, கருப்பட்டியில் கிடைக்கிறது. ஒன்றரைத் தேக்கரண்டி கடுகைப் பொடித்துச் சிறிது தண்ணீரில் குழைத்து, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, பிரியாணி இலை இரண்டு ஆகியவற்றோடு வாணலியில் சேர்த்து ஒரு கொதி விடுங்கள். உப்பு இப்போது வேண்டாம். பேக்கனின் உப்பு இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இனி, வெந்த பீன்ஸையும் இந்தக் கலவையையும் கனமான மூடியுள்ள மண்சட்டியிலோ இரும்புச் சட்டியிலோ சேர்த்து, பீன்ஸ் மூழ்குமளவுக்கு வடித்த நீரை ஊற்றி, 150 டிகிரி அவனில் மூன்று மணி நேரம் வையுங்கள். மண்சட்டியானால் குளிர்ந்த அவனில் வைத்துப் பிறகு சூடேற்றுங்கள், இல்லாவிட்டால் விரிசல் விடும். மலைக்காற்றில் ஈரம் வேகமாக ஆவியாகும். மணிக்கொருமுறை மூடியைத் திறந்து, மேலே உள்ள மணிகள் வெளியே தலைகாட்டினால் வெந்நீர் ஊற்றுங்கள். கிளறாதீர்கள், சட்டியைப் பிடித்து மெல்லச் சுழற்றினால் போதும். மூன்று மணி நேரம் கழித்து, எடுத்து வைத்த வார்களை மேலே பரப்பி, மூடியில்லாமல் 180 டிகிரியில் நாற்பது நிமிடம் வைத்தால் பேக்கன் மொறுமொறுப்பாகி, ஓரத்தில் பாகு கரும்பழுப்பாகப் பொங்கித் தெரியும்.

அவன் இல்லாத வீட்டில், அடியில் தோசைக்கல்லை வைத்து அதன்மேல் சட்டியை ஏற்றி, மிகச் சிறு தீயில் வைக்கலாம். விறகடுப்பு இருப்பவர்கள் மூடியின்மேல் கொஞ்சம் கங்கை அள்ளிப் போட்டால் மேற்பரப்பும் சிவந்துவிடும். பன்றிக்கறி உண்ணாதவர்கள் பேக்கனை விட்டுவிட்டு இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயில் வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கிச் செய்யலாம். சுவை நன்றாகவே வரும், ஆனால் அது வேறு பண்டம்.

இறக்கிய பிறகு ஒரு மேசைக்கரண்டி வினிகரைத் தெளித்து, அப்போதுதான் உப்புப் பாருங்கள். குழம்பு நீர்த்திருப்பதாகத் தோன்றினால் கவலை வேண்டாம், ஆற ஆறக் கெட்டிப்படும். நான் சனிக்கிழமை செய்து, ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போய் வந்த பிறகுதான் பரிமாறுவேன். ஓரிரவு கடந்தால் கருப்பட்டி மணிக்குள் இறங்கிவிடும். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் இருக்கும், சூடாக்கும்போது சிறிது வெந்நீர் தேவைப்படும். தணலில் வாட்டிய பேக்கரி ரொட்டி இதற்கு நல்ல துணை. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் இன்றுவரை சப்பாத்தியில் சுருட்டித்தான் சாப்பிடுகிறார்கள்.