கிளிப் செய்த ஓரம் பிசிறடித்தால்

இங்க்ஸ்கேப், இல்லஸ்ட்ரேட்டர் போன்ற வரையும் மென்பொருளில் வட்டத்துக்குள் ஒரு போட்டோவை கிளிப் செய்கிறோம், அதாவது வட்டத்துக்கு வெளியே இருப்பதை மறைக்கிறோம். வட்டம் என்னவோ வட்டம்தான், ஓரம் மட்டும் ரம்பம் மாதிரி பல் பல்லாக நிற்கிறது. முதல் தடவை எனக்கு இப்படி ஆனபோது பாதி நாள் உட்கார்ந்து வட்டத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தேன். வட்டத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதனால் இப்போதெல்லாம் பிசிறு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் எதையும் தொடுவதில்லை.

பார்ப்பது சுலபம். நன்றாக ஜூம் செய்யுங்கள். ஜூம் செய்யச் செய்ய படிக்கட்டுகளும் சேர்ந்து பெரிதானால், அந்த இடம் பிக்சலாக மாறிவிட்டது. ஒவ்வொரு ஜூமிலும் கோடு புதிதாக, ஒரே அளவு பொடிப் பல்லோடு வந்தால் அது திரையில் காட்டும் விதம்தான். வளைவே மேடுபள்ளமாக இருந்தால் பாத்தில் (உருவத்தின் கோட்டில்) தேவையில்லாத நோடுகள் (வளைவைத் தீர்மானிக்கும் புள்ளிகள்) குவிந்திருக்கின்றன; படத்தை ட்ரேஸ் செய்து (பிக்சல் படத்தைக் கோடுகளாக மாற்றி) எடுத்த உருவங்களில் இது சகஜம். சிம்ப்ளிஃபை கொடுங்கள் (இங்க்ஸ்கேப்பில் கன்ட்ரோல்+எல்). ஒரு முறைக்கு மேல் கொடுத்தால் உருவமே கரைந்து போகும், நான் மிச்சத்தைக் கையாலேயே அழிப்பேன்.

திரைப் பிரச்சினை என்றால் ஆன்ட்டி அலையாசிங் (ஓரத்துப் படிக்கட்டை மென்மையாக்கிக் காட்டும் வசதி) அணைந்திருக்கிறதா பாருங்கள். இங்க்ஸ்கேப்பில் அது டாக்குமென்ட் ப்ராப்பர்ட்டீஸில் இருக்கிறது. அங்கே டிக்கை எடுத்தால் ஃபைலிலேயே 'கிரிஸ்ப் எட்ஜஸ்' என்று எழுதிவிடும், பிரவுசரிலும் பல் தெரியும். இல்லஸ்ட்ரேட்டரில் ப்ரிஃபரன்சஸின் ஜெனரல் பகுதியைப் பாருங்கள். வியூ மெனுவில் பிக்சல் ப்ரிவியூ தவறுதலாக ஆன் ஆகியிருந்தாலும் படிக்கட்டு தெரியும். பிடிஎஃப்பில் மட்டும் பிசிறு என்றால் பார்க்கும் மென்பொருளின் குணமாக இருக்கலாம். பயப்படாமல் ஒரு பிரதி அச்செடுத்துப் பாருங்கள்.

பிக்சலாக மாறியிருந்தால் பெரும்பாலும் நிழல், பிளர் (மங்கலாக்குவது) போன்ற எஃபெக்ட்தான் காரணம். இல்லஸ்ட்ரேட்டரில் எஃபெக்ட் மெனுவில் டாக்குமென்ட் ராஸ்டர் எஃபெக்ட்ஸ் செட்டிங்ஸ் 72 பிபிஐயில் (அங்குலத்துக்கு 72 பிக்சல்) கிடந்தால், 300 ஆக்குங்கள். ஆக்கியதும் நிழலின் பரப்பு மாறியிருக்கிறதா என்று ஒரு கண் பாருங்கள். ஜிஃப் ஆக ஏற்றுமதி செய்தால் ஓரத்தை யாராலும் காப்பாற்ற முடியாது: அதில் பிக்சல் ஒன்று தெரியும், இல்லையென்றால் தெரியாது, பாதி ஒளிபுகும் நிலையே கிடையாது. பிஎன்ஜிக்கு மாறுங்கள்.

இன்னொரு வகை இருக்கிறது, என்னை அதிகம் அலைக்கழித்தது அதுதான். கறுப்பு வட்டம் அடியில், அதே அளவில் கிளிப் செய்த போட்டோ மேலே. ஓரத்தில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கசிவு. வட்டத்தின் விளிம்பு ஒரு பிக்சலைப் பாதியாக வெட்டுகிறது என்று வையுங்கள். முதலில் கறுப்பு அதில் 50% நிரப்பும். மேலே வரும் போட்டோவும் 50%தான் மூடும். கடைசியில் போட்டோ 50%, கறுப்பு 25%, பின்னணி 25%. எந்த செட்டிங்கைத் திருகினாலும் இது முழுசாகப் போகாது. அடியில் உள்ள வட்டத்தை ஒரு பிக்சல் சுருக்குங்கள், தீர்ந்தது. அடியில் இருப்பது தெரிய வேண்டும் என்றால், கிளிப் வட்டத்தின் நகல் ஒன்றை மேலே வைத்து, ஃபில் (உள்நிறம்) எடுத்துவிட்டு மெல்லிய ஸ்ட்ரோக் (விளிம்புக் கோடு) கொடுங்கள். மோதிரம் போட்ட மாதிரி விளிம்பை மூடிவிடும்.

உள்ளே இருப்பது போட்டோ இல்லை, ஒற்றை நிற உருவம்தான் என்றால் கிளிப்பே வேண்டாம். நகல் எடுத்து வைத்துக்கொண்டு இன்டர்செக்ஷன் (இரண்டு உருவமும் ஒன்றன்மேல் ஒன்று படும் பகுதியை மட்டும் வைப்பது) கொடுத்து நிஜமாகவே வெட்டிவிடுங்கள்.

ஓரம் மென்மையாக மங்க வேண்டுமா? கிளிப்புக்குப் பதில் மாஸ்க் போடுங்கள்: வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும், அந்த வெள்ளை உருவத்துக்குக் கொஞ்சம் பிளர் போதும். கிளிப் செய்த பொருளுக்கே பிளர் கொடுத்துவிட்டு ஏன் மங்கவில்லை என்று நானும் முழித்திருக்கிறேன். எஸ்விஜியில் (இங்க்ஸ்கேப் சேமிக்கும் ஃபைல் வகை) பிளர் போன்ற ஃபில்டர் முதலில், கிளிப் பிறகு. கிளிப் பிளரையும் சேர்த்து வெட்டிவிடும். கிளிப் செய்த பொருளை குரூப் செய்து, பிளரை குரூப்புக்குக் கொடுங்கள்.