குளுக்கோஸும் லாரிக் அமிலமும்: லிப்பேஸ் நொதியால் ஒரு சர்ஃபேக்டன்ட் தயாரிக்கும் முறை

சீகைக்காயையும் பூந்திக்கொட்டையையும் நீரில் கசக்கினால் நுரை எழுவதற்குக் காரணம் அவற்றிலுள்ள சப்போனின். அதன் மூலக்கூற்றில் நீரை விரும்பும் சர்க்கரைப் பகுதியும் எண்ணெயை விரும்பும் பகுதியும் ஒன்றாகப் பிணைந்திருக்கின்றன. நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் இத்தகைய பொருள்களையே ஆய்வகங்களில் சர்ஃபேக்டன்ட் என்கிறோம். அதே கட்டமைப்பை எளிய வடிவில் நாமே உருவாக்க முடியும். மரவள்ளி அல்லது மக்காச்சோள மாவுப்பொருளிலிருந்து குளுக்கோஸ் கிடைக்கிறது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அமிலமும் ஹைட்ராக்சில் தொகுதியும் ஒரு நீர் மூலக்கூற்றை வெளியேற்றிவிட்டுச் சேரும் பிணைப்பே எஸ்டர். இவ்விரண்டையும் அந்த எஸ்டர் பிணைப்பால் இணைத்தால் குளுக்கோஸ் லாரேட் என்னும் அயனியற்ற, அதாவது மின்னூட்டம் இல்லாத, சர்ஃபேக்டன்ட் உருவாகிறது. முதுநிலை வேதியியல் ஆய்வகம் ஒன்றில் இதை லிப்பேஸ் என்னும் நொதியைக் கொண்டு செய்யும் முறையைக் கீழே விவரிக்கிறேன்.

நொதி எதற்கு என்ற கேள்வி இயல்பானது. குளுக்கோஸில் ஐந்து ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. காரம் அல்லது அமிலத்தை வினையூக்கியாக்கி வெப்பப்படுத்தினால் கொழுப்பமிலம் அவற்றில் எதனோடும் சேரக்கூடும். ஒற்றை எஸ்டர், இரட்டை எஸ்டர், கருகிய சர்க்கரை எல்லாம் கலந்த பழுப்பு நிறக் கூழே மிஞ்சும். லிப்பேஸ் நொதியோ பெரும்பாலும் ஆறாம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சிலையே தேர்ந்தெடுக்கிறது; 60 டிகிரி செல்சியஸ் வெப்பமே அதற்குப் போதும்.

ஆனால் லிப்பேஸின் இயல்பான வேலை எஸ்டரைக் கட்டுவதன்று, உடைப்பது. நம் குடலில் கொழுப்பை நீராற்பகுப்பதும் லிப்பேஸ்தான். நீர் மிகுந்த இடத்தில் உடைக்கும் அதே நொதி, நீர் அரிதான இடத்தில் கட்டுகிறது. கரிமக் கரைப்பான்களில் நொதிகள் இயங்கும் என்பதை 1984-இல் சாக்ஸ், கிளிபனோவ் என்னும் ஆய்வாளர்கள் காட்டினர். 1986-இல் தெரிசோடும் கிளிபனோவும் பிரிடின் என்னும் கரைப்பானில் பன்றிக் கணைய லிப்பேஸைக் கொண்டு சர்க்கரைகளின் ஒற்றை எஸ்டர்களைத் தயாரித்தனர். பிரிடின் நச்சுத்தன்மை கொண்டது. அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. எனினும் அவர்கள் காட்டிய அடிப்படை இம்முறைக்கும் பொருந்தும்: நீரை எந்த அளவுக்கு விலக்கி வைக்கிறோமோ அந்த அளவுக்கே விளைச்சல் கிடைக்கும்.

தேவையானவை: நீரற்ற குளுக்கோஸ் 1.8 கிராம், அதாவது 10 மில்லிமோல். லாரிக் அமிலம் 6.0 கிராம், அதாவது 30 மில்லிமோல். 2-மெத்தில்-2-பியூட்டனால் 100 மில்லி லிட்டர். கேண்டிடா அண்டார்க்டிகா என்னும் ஈஸ்ட்டின் பி வகை லிப்பேஸ், அக்ரிலிக் ரெசின் மணிகளில் பதிக்கப்பட்டது, 1 முதல் 2 கிராம். நீரை உறிஞ்சிக்கொள்ளும் 4 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூற்றுச் சல்லடை மணிகள் 10 கிராம். அண்டார்க்டிகாவில் கண்டெடுக்கப்பட்ட நுண்ணுயிரின் நொதி 60 டிகிரியில் நாட்கணக்காக உழைப்பது வியப்புக்குரியதே. இக்கரைப்பானைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. அது மூவிணைய ஆல்கஹால் என்பதால் லிப்பேஸ் அதைப் பொருட்படுத்தும்படி எஸ்டராக்குவதில்லை; எத்தனாலைப் பயன்படுத்தினால் லாரிக் அமிலம் சர்க்கரையை விட்டு எத்தனாலோடு சேர்ந்துவிடும். ஆனால் 2-மெத்தில்-2-பியூட்டனால் எளிதில் தீப்பற்றக்கூடியது. புகைபோக்கிப் பெட்டிக்குள் மட்டுமே அதைக் கையாளுங்கள். அருகில் பன்சன் அடுப்பு எரியக் கூடாது.

குளுக்கோஸ் விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண குளுக்கோஸ் பொடி பெரும்பாலும் ஒற்றை நீரேற்று. அதன் எடையில் ஏறத்தாழ 9 விழுக்காடு நீர். அதைச் சேர்த்தால், வினை முழுதாக நடந்தாலும் உருவாகக்கூடிய நீரின் அளவுக்குச் சமமான நீரைத் தொடக்கத்திலேயே குடுவைக்குள் ஊற்றியதாகிவிடும். புட்டியின் மீது "நீரற்ற" என்று இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூலக்கூற்றுச் சல்லடையை 250 முதல் 300 டிகிரி வரை மஃபிள் உலையில் சில மணி நேரம் சூடாக்கி, உலர்கலனில் ஆறவிடுங்கள். திறந்த தட்டில் ஆறவைத்தால் மழைக்காலத்தில் அது காற்றின் ஈரத்தையே குடித்து நிறைந்துவிடும். அப்படி ஒரு முறை செய்துவிட்டு, விளைச்சல் ஏன் இல்லையென்று இரண்டு நாள் நொதியையே சந்தேகித்தது எனக்கு நினைவிருக்கிறது. கரைப்பானையும் முந்தைய இரவே தனியாகச் சிறிது சல்லடை மணிகளின் மேல் வைத்து உலர்த்துங்கள். நொதியை மட்டும் அடுப்பில் உலர்த்த வேண்டாம். தன் வடிவத்தைக் காத்துக்கொள்ள அதற்குச் சிறிதளவு நீர் தேவை. அது ரெசினிலேயே இருக்கிறது.

முதலில் கரைப்பானும் குளுக்கோஸும் மட்டும் உள்ள மூடிய குடுவையை 60 டிகிரியில் இரவு முழுதும் குலுக்குங்கள். லிட்டருக்குச் சில கிராம் மட்டுமே கரையும். மீதி அடியில் தங்கியிருப்பதில் தவறில்லை, கரைந்தது வினையில் செலவாகச் செலவாக அது மெல்லக் கரைந்துகொண்டே வரும். மறுநாள் லாரிக் அமிலத்தையும் நொதியையும் சல்லடையையும் சேர்த்து, நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று வரை குலுக்கியில் வையுங்கள். காந்தக் கலக்கியைப் பயன்படுத்தாதீர்கள். அது ரெசின் மணிகளை அரைத்துத் தூளாக்கிவிடும், பிறகு வடிகட்டவும் முடியாது, நொதியை மறுமுறை பயன்படுத்தவும் முடியாது. இன்னொரு குடுவையில் நொதி தவிர மற்ற எல்லாவற்றையும் அதே அளவில் இட்டு, ஒப்பீட்டுக்காகப் பக்கத்திலேயே வையுங்கள்.

வினையின் போக்கை அறிய, எஞ்சியுள்ள அமிலத்தைக் காரத்தால் அளக்கும் தரம்பார்த்தலே போதும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தெளிந்த திரவத்தில் 1 மில்லி லிட்டர் எடுத்து, எத்தனாலில் கலந்து, பினாப்தலீன் சொட்டு விட்டு, 0.1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலால் தரம்பாருங்கள். தொடக்கத்தில் ஏறத்தாழ 3.0 மில்லி லிட்டர் செலவாகும். குளுக்கோஸ் முழுதும் ஒற்றை எஸ்டராகிவிட்டால் அது 2.0 ஆகக் குறையும். ஆகவே 0.1 மில்லி லிட்டர் குறைவு என்பது பத்து விழுக்காடு மாற்றத்தைக் குறிக்கும். நுண்ணளவு பியூரெட் இல்லாமல் இதை நம்ப முடியாது. ஒப்பீட்டுக் குடுவையின் அளவிலிருந்தே கழியுங்கள், ஏனெனில் சல்லடையும் சிறிது அமிலத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும். அறை வெப்பத்தில் விரைவாக முடித்துவிடுங்கள். தாமதித்தால் காரம் எஸ்டரையே உடைக்கத் தொடங்கும். அளவு இரண்டு மூன்று முறை மாறாமல் நின்றால் சமநிலை எட்டப்பட்டுவிட்டது. பொதுவாக ஒன்று முதல் மூன்று நாள் ஆகும்.

சூடாக இருக்கும்போதே வடிகட்டி, நொதியையும் சல்லடையையும் நீக்குங்கள். வடிந்த திரவம் குளிர்ந்ததும் எஞ்சிய குளுக்கோஸ் படியும். அதையும் வடித்து நீக்கிவிட்டு, கரைப்பானைக் குறைந்த அழுத்தத்தில் ரோட்டரி எவாப்பரேட்டரில் ஆவியாக்குங்கள். மிஞ்சும் மெழுகுத் திண்மத்தில் உபரி லாரிக் அமிலமே அதிகம் இருக்கும். அதை ஹெக்சேனால் மூன்று முறை கழுவினால் அமிலம் கரைந்து போகும், ஒற்றை எஸ்டர் பெரும்பாலும் தங்கிவிடும். பிறகு எத்தில் அசிட்டேட்டில் கரைத்து, நீருக்குப் பதிலாக உப்புக் கரைசலால் மெல்லச் சாய்த்துக் கழுவுங்கள். வேகமாகக் குலுக்கினால் நாம் தயாரித்த பொருளே இரு அடுக்குகளையும் பால்மமாக்கி, பிரிபுனலை மணிக்கணக்காக முடக்கிவிடும். கணக்குப்படி கிடைக்கக்கூடிய உச்ச அளவு 3.62 கிராம். மிகத் தூயதாக வேண்டுமானால் சிலிக்கா நிரல் வழியாகச் செலுத்த வேண்டும்.

தயாரித்ததன் திறனைச் சோதிக்க, லிட்டருக்கு 0.1 கிராம் வீதம் வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஆறவிட்டு, ஒரே அளவு தூய நீரும் இக்கரைசலும் துளிமானியிலிருந்து எத்தனை துளிகளாக விழுகின்றன என்று எண்ணுங்கள். 25 டிகிரியில் தூய நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். அது குறையக் குறையத் துளிகள் சிறுத்து, எண்ணிக்கை கூடும். இது அயனியற்றது என்பதால், ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரில் சோப்பைப் போலக் கால்சியத்தோடு சேர்ந்து திரியாது.

அழகுப் பொருள்களுக்கும் உணவுப் பால்மங்களுக்கும் இவ்வகை எஸ்டர்கள் பொருந்தும், சலவைத்தூளுக்குப் பொருந்தா. அதன் காரத்தன்மை எஸ்டர் பிணைப்பை உடைக்கும். போதாக்குறைக்கு, பல சலவைத்தூள்களில் கறை நீக்குவதற்கென்றே லிப்பேஸ் சேர்க்கப்படுகிறது. வடித்தெடுத்த நொதி மணிகளை அதே உலர்ந்த கரைப்பானால் கழுவி, காற்றில் உலர்த்தி, இறுக மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுபடி எடுக்கும்போது புட்டி அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறவுங்கள். குளிர்ந்த மணிகளின் மேல் காற்றின் ஈரம் பனித்தால், அந்த நீரும் அடுத்த முறை குடுவைக்குள் போய்ச் சேரும்.