ஒல்மியிடம் கற்று ஒரு கரைவலையைப் படமெடுப்பது எப்படி?

படமெடுக்க ஆசை என்று வரும் திருகோணமலைப் பெடியளுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இத்தாலியத் திரைப்பட இயக்குநர் எர்மன்னோ ஒல்மியைத்தான். 1931இல் பெர்கமோவில் பிறந்தவர். எடிசன் மின்சாரக் கம்பனியில் வேலை செய்துகொண்டே, அதன் அணைக்கட்டுகளையும் தொழிலாளரையும் டசின் கணக்கான விவரணப் படங்களாக எடுத்துத்தான் தொழில் பழகினார்.

முதலில் அவருடைய 'இல் போஸ்தோ' (1961) பாருங்கள். அலுவலகத்தில் ஒரு எழுத்தர் இறந்துபோகிறார். அவருடைய மேசை காலியானதும் பின்னால் இருப்பவர்கள் ஒவ்வொருவராக ஒரு மேசை முன்னால் நகர்கிறார்கள். கடைசி மேசை புதுப் பையனுக்கு. அழுகை இல்லை. எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கும்.

அடுத்து 'மரக்காலணி மரம்' (1978). கான் திரைப்பட விழாவின் உயர்ந்த விருதான தங்கப்பனையை வாங்கிய படம். எழுத்து, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் அவரே. நடித்தவர்கள் பெர்கமோப் பக்கத்து விவசாயிகள், பேசுவது அவர்களுடைய வட்டார மொழி. மூன்று மணி நேரம் ஓடும். ஒரே இருப்பில் பாருங்கள்.

சரி, இனி கரைவலை இழுக்கும் திருக்கடலூர்க் கரைக்குப் போவோம். கடலில் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் நின்று பலர் கயிற்றால் இழுப்பதுதான் கரைவலை. முதல் சில நாள் போனை வெளியே எடுக்காதீர்கள். நான் முதல் நாளே எடுத்தேன். கயிறு இழுத்தவர்கள் இழுப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்து நின்றார்கள். கூடப்போய்க் கயிற்றில் கை வையுங்கள். யார் முன்னால் நிற்பது, யார் கயிற்றைச் சுருட்டுவது, இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை யார் எடுத்துக்கொடுப்பது என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும். அப்புறம் ஒரே ஒருவரைத் தெரிந்துகொண்டு அவருடைய கையை மட்டும் எடுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த அந்த விரல்கள் கயிற்றை மாற்றி மாற்றிப் பிடிப்பதை வெட்டாமல் இரண்டு நிமிடம் விடுங்கள். கச்சான் காற்று அடித்தால் போன் மைக்கில் மெல்லிய துணி சுற்றுங்கள். அவர்கள் பேச்சை வானொலித் தமிழாகத் திருத்தவே வேண்டாம்.

தொகுத்ததும் முதலில் அவர்களுக்கே காட்டுங்கள். ஒல்மி 'மரக்காலணி மரம்' படத்தின் தொடக்கத்திலேயே விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்காரனுக்கு என்று எழுதிக் காட்டிவிடுகிறார். நானோ வலையின் மீன் சேரும் பையான மடி கரையேறியதோடு படத்தை முடித்திருந்தேன். "தம்பி, பங்கு பிரிக்கிறது எங்கே?" என்று கேட்டார் கயிறு சுருட்டும் ஐயா. மறுநாள் விடியப் போய் அதை எடுத்தேன்.