ரூட்டர் கரகரக்கிறதா? பேரிங்கை நீங்களே மாற்றலாம்

மரத்தில் பள்ளமும் விளிம்பும் வெட்டும் ரூட்டரை ஆஃப் செய்த பிறகு, சுற்று குறைந்து நிற்கப் போகிற அந்தச் சில நொடிகளைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஓடும்போது மோட்டார் இரைச்சலில் அமுங்கிக் கிடக்கும் சத்தம் அப்போதுதான் தனியாகக் கேட்கும். மணலை அரைப்பது போலக் கரகரத்தாலோ, கீச்சென்று இழுத்தாலோ மோட்டாரின் ஷாஃப்ட்டை (சுற்றும் தண்டை) தாங்கும் குண்டு வளையமான பேரிங்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

நிமிடத்துக்கு 10,000 முதல் 30,000 சுற்று வரை சுற்றுகிற கருவி இது. பேரிங்கில் மயிரிழை ஆட்டம் இருந்தாலும் பிட் (வெட்டும் அலகு) நுனிக்குப் போகும்போது அது கூடிவிடும்; வெட்டிய விளிம்பில் அலை அலையாகக் கோடு விழும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் ஒருநாள் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் பகுதி) சுற்றியுள்ள காயிலில் உரசி மோட்டாரே போய்விடும். கொஞ்சம் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். சரியாகாது. உள்ளே இருக்கிற கிரீஸ் கரைந்து, தேய்மானம் இன்னும் வேகமாகும்.

தேவைப்படுபவை: ஸ்க்ரூ டிரைவர் செட் (நட்சத்திரத் தலை ஸ்க்ரூவுக்கானதும் சேர்த்து), சர்க்லிப் (வளையக் கிளிப்) கழற்றும் பிளையர், பேரிங்கை இழுத்துக் கழற்றும் சிறிய புல்லர், சாக்கெட் செட், பிளாஸ்டிக் சுத்தியல், ஒரு பெயின்ட் பிரஷ். வாரண்டி முடியாத கருவி என்றால் பிரிக்காதீர்கள், சர்வீசுக்குக் கொடுங்கள்.

பிரிப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. பிட், அதைக் கவ்விப் பிடிக்கும் காலெட், காலெட் நட் மூன்றையும் கழற்றுங்கள். பேஸ் (மரத்தின்மேல் உட்காரும் அடிப்பகுதி) தனியாக வருகிற மாடல் என்றால் மோட்டாரை அதிலிருந்து உருவிவிடுங்கள்.

அடுத்தது கார்பன் பிரஷ், அதாவது சுற்றும் ஆர்மேச்சருக்கு மின்சாரத்தைக் கடத்தும் கரிக்கட்டி. இரண்டு பிரஷ்ஷும் வெளியே வரும் வரை வேறு எந்த ஸ்க்ரூவையும் தொட வேண்டாம். என்னுடைய முதல் ரூட்டரில் நான் இதைச் செய்யவில்லை. ஆர்மேச்சரை உருவியபோது, கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசும் செம்பு உருளை) விலகிய இடத்தில் ஸ்பிரிங் தள்ளி பிரஷ் உள்ளே பாய்ந்தது. பின்னாலேயே வந்த பேரிங் அதில் முட்டி, பிரஷ்ஷின் ஒரு மூலை பெயர்ந்துவிட்டது. புது பிரஷ் வாங்கி வரும் வரை வேலை நின்றது. எடுத்த பிரஷ்களில் இடது, வலது என்று குறித்து வையுங்கள். ஒவ்வொன்றின் முனையும் கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். அதே பக்கத்தில், அதே திசையில்தான் திரும்பப் போக வேண்டும்.

பிரஷ் இல்லாதபோது ஷாஃப்ட்டை விரலால் சுற்றிப் பாருங்கள். நல்ல பேரிங் என்றால் வழுவழுப்பாகச் சுற்றும். சொரசொரப்பு தட்டினாலோ, நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது லொடக்கென்றாலோ சந்தேகம் தீர்ந்தது.

ஆர்மேச்சரை எடுப்பது

மேல் மூடியைத் திறந்ததும் ஒயர் போகும் பாதையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் வேறுபடும் ஸ்க்ரூக்களை ஓர் அட்டையில் அதே வரிசையில் குத்தி வைத்தால் பிறகு குழப்பம் வராது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் போர்டு அங்கேதான் இருக்கும். அதன் ஒயரை இழுக்காதீர்கள்.

பெரும்பாலான மாடல்களில் ஆர்மேச்சர் காலெட் பக்கமாக, கீழ் பேரிங்கோடு சேர்ந்து வெளியே வரும். பேரிங்கைப் பிடித்து வைத்திருக்கும் தகடோ சர்க்லிப்போ இருந்தால் முதலில் அதை எடுங்கள். பிறகும் அசையவில்லையா? அடிக்காதீர்கள். பேரிங் உட்கார்ந்திருக்கும் அலுமினியப் பகுதிக்கு ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள். இரும்பைவிட அலுமினியம் அதிகம் விரியும்; பிடி தளர்ந்து, பிளாஸ்டிக் சுத்தியலால் லேசாகத் தட்டினாலே நகரும்.

பழையதைக் கழற்றி, புதியதை ஏற்றுவது

புல்லரின் கொக்கியை பேரிங்கின் அடியில் கொடுத்து, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பக்கத்தில் இருக்கும் ஃபேன் பிளாஸ்டிக், அதில் கொக்கி படக்கூடாது. மேல் பேரிங்குக்குக் கீழே கம்யூட்டேட்டர் இருக்கிறது. அதன்மேல் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி நெம்பினால் ஆர்மேச்சரே வீணாகும். சில மாடல்களில் ஷாஃப்ட் நுனியில் வேகத்தை அளப்பதற்கான சிறு காந்த வளையம் இருக்கும். அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

பழைய பேரிங்கைத் துடைத்தால் அதன் எண் தெரியும். 608 என்றால் உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22, அகலம் 7. 6000 என்றால் 10, 26, 8. 6203 என்றால் 17, 40, 12. எண் பொருந்தினால் மட்டும் போதாது, பின்னால் வரும் எழுத்துகளையும் பாருங்கள். இசட்இசட் என்றால் இரு பக்கமும் தகர மூடி. 2ஆர்எஸ் என்றால் ரப்பர் மூடி. உள் வளையத்தில் உரசும் ரப்பர் மூடி தூசியை நன்றாகத் தடுக்கும், ஆனால் அதிக வேகத்தில் சூடேறும். அதனால் உரசாத ரப்பர் மூடி உள்ள வகைகளும் வருகின்றன. சி3 என்று இருந்தால் உள்ளே இடைவெளி சற்றுக் கூடுதல். பழையதில் இருந்த அதே குறியீட்டையே கேட்டு வாங்குங்கள். வேறு கம்பெனி என்றால் அது தாங்கும் வேகம் உங்கள் ரூட்டரின் உச்ச வேகத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

ஏற்றும்போது அழுத்தம் உள் வளையத்தில் மட்டும் விழ வேண்டும். உள் வளையத்தின் மேல் மட்டும் உட்காரும் அளவுள்ள சாக்கெட்டை வைத்து, நேராக, மெதுவாக அழுத்துங்கள். வெளி வளையத்தில் தட்டினால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் பாதையில் குழி விழும். அப்புறம் புது பேரிங்கும் முதல் நாளே கரகரக்கும்.

திரும்பப் பூட்டுவது

உள்ளே படிந்த கரித்தூளையும் மரத்தூளையும் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். மேல் பேரிங் ரப்பர் உறைக்குள் உட்காரும் மாடல் என்றால் அந்த உறை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள், கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். கழற்றியதற்குத் தலைகீழ் வரிசையில் பூட்டுங்கள். ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றி, ஒரே சீராக இறுக்குங்கள். எல்லாம் முடிந்ததும் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுங்கள், எங்கேயும் உரசக்கூடாது. பிரஷ் கடைசியில்தான்.

முதல் ஓட்டம் காலெட்டும் நட்டும் இல்லாமல், குறைந்த வேகத்தில் இருக்கட்டும். பிட் இல்லாமல் நட்டை இறுக்கினால் காலெட் நெளிந்துவிடும். பிரஷ் பக்கம் சின்னச் சின்னப் பொறி தெரிந்தால் பயப்பட வேண்டாம். கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் உடனே நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் ஓட்டி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பேரிங் இருக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சகஜம். கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் கோணலாக ஏறியிருக்கலாம், திரும்பப் பிரிக்க வேண்டும். எல்லாம் சரி என்றால் பிட்டை மாட்டி, ஒரு துண்டுப் பலகையில் பள்ளம் ஓட்டி, விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். முன்பு தட்டுப்பட்ட அந்த அலை இப்போது இருக்காது.