முதல் சஃபாரிக்குத் திட்டம் போடுவது எப்படி? தான்சானியாவின் வடக்குப் பக்கம், படிப்படியாக

சுவாஹிலி மொழியில் 'சஃபாரி' என்றால் பயணம், அவ்வளவுதான். பக்கத்து ஊருக்குப் பேருந்து ஏறினாலும் அங்கே அது சஃபாரிதான். சிங்கம் பார்ப்பது மட்டும்தான் சஃபாரி என்று நினைத்துக்கொண்டு முதல் முறை போனபோது, ஐந்து நாளில் நான்கு பூங்காக்களைத் திணித்து வைத்திருந்தேன். முடிந்தபின் கணக்குப் போட்டால், விலங்குகளைப் பார்த்ததைவிட முன்சீட்டின் முதுகைப் பார்த்த நேரம்தான் அதிகம். உள்ளூர் மனிதர்களோடு பேசியது, நினைவுப்பொருள் கடையில் பேரம் பேசியபோது மட்டும்.

அடுத்த முறை வரிசையை மாற்றினேன். முதலில் மாதம், அப்புறம் பூங்கா. மக்களைப் பார்க்கும் நாட்களைக் கடைசியில் ஒட்டாமல் நடுநடுவே வைத்தேன். கீழே இருப்பது அந்த வரிசைதான். தான்சானியாவின் வடக்கில் இருக்கும் அருஷா நகரத்தை மையமாக வைத்து எழுதியிருக்கிறேன். முதல் முறை போகிறவர்களுக்கு இதைவிட வசதியான பாதை அமைவது கடினம்.

படி 1: முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

செரெங்கெட்டி தேசியப் பூங்காவிலும் அதைச் சுற்றியும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்கள் (மாடு போன்ற உருவமுள்ள பெரிய மான்கள்), கூடவே லட்சக்கணக்கான வரிக்குதிரைகள், ஆண்டு முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. மழை எங்கே பெய்து புல் எங்கே முளைக்கிறதோ அந்தப் பக்கம் நகரும். அதனால் 'செரெங்கெட்டி போகிறேன்' என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். எந்த மாதம், பூங்காவின் எந்த மூலை என்பது மீதிப் பாதி.

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை கூட்டம் தெற்கே, ந்டூட்டு பக்கத்துக் குட்டைப்புல் வெளியில் இருக்கும். பிப்ரவரியை ஒட்டிய சில வாரங்களில் பெரும்பாலான குட்டிகள் பிறந்துவிடுகின்றன. பிறந்த சில நிமிடங்களில் குட்டி எழுந்து தள்ளாடி ஓடும். சிங்கமும் கழுதைப்புலியும் அதற்காகவே காத்திருக்கும். மனசு இளகியவர்கள் இந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. ஜூலை முதல் அக்டோபர் வரை கூட்டம் வடக்கே, மாரா ஆற்றங்கரையில். படங்களில் பார்க்கிறோமே, முதலைகளுக்கு நடுவே மந்தை மந்தையாக ஆற்றைக் கடப்பது, அது இங்கேதான். ஆனால் அது நேரம் குறித்து நடக்கிற காட்சி இல்லை. நான் மூன்று மணி நேரம் கரையில் காத்திருந்தேன். முன்னால் நின்றது தண்ணீரை முகர்ந்தது, பின்வாங்கியது, மொத்தக் கூட்டமும் திரும்பிப் போய்ப் புல் மேய ஆரம்பித்துவிட்டது. இதற்கெல்லாம் தயாராக இருங்கள்.

ஏப்ரல், மே பெருமழைக் காலம். கட்டணம் இறங்கும், பயணிகள் கூட்டம் குறையும், மண்பாதையில் வண்டி சிக்கும். முதல் பயணத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 2: பூங்காக்களைச் சேர்க்காதீர்கள், வெட்டுங்கள்

ஏழு நாள் இருந்தால் மூன்று போதும். எதை வைத்துக்கொள்வது?

தாராங்கிரே: அருஷாவிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம். ஜூன் முதல் அக்டோபர் வரையிலான வறண்ட மாதங்களில் சுற்றுவட்டாரத்தில் எல்லாம் வற்றிப்போக, தாராங்கிரே ஆற்றில் மட்டும் தண்ணீர் இருக்கும். யானைகள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கும். பாவோபாப் எனப்படும் பெருக்கமரங்கள் இங்கே ஏராளம். அடிமரத்தில் பட்டை உரிந்து குழிந்திருப்பதைக் கவனியுங்கள், அது யானைகள் தந்தத்தால் குத்திக் கிழித்த தழும்பு. மழை மாதங்களில் யானைகள் கலைந்துபோய்விடும்; அப்போது இதை வெட்டிவிடலாம். செட்சி ஈ தொல்லையும் உண்டு. கருப்பும் கருநீலமும் அந்த ஈயை இழுக்கும், அதனால் காக்கியோ மண்நிறமோ உடுத்துங்கள். துணிக்கு மேலேயே கடிக்கும், வலிக்கும்.

மன்யாரா ஏரி: மரமேறும் சிங்கங்களுக்குப் பேர்போனது. பேர்தான் பெரிசு, கண்ணில் படுவது அரிது. அரை நாள் கிடைத்தால் போகலாம்.

ங்கோரோங்கோரோ: இதை வெட்டவே வெட்டாதீர்கள். பெரிய எரிமலை ஒன்று உள்வாங்கியதில் உண்டான பள்ளம். ஆழம் சுமார் 600 மீட்டர், அடித்தளத்தின் பரப்பு சுமார் 260 சதுர கிலோமீட்டர். காண்டாமிருகம் பார்க்க நல்ல வாய்ப்பு உள்ள இடம். ஒட்டகச்சிவிங்கி மட்டும் உள்ளே கிடையாது, செங்குத்துச் சுவரில் அவை இறங்குவதில்லை என்பார்கள். விளிம்பு 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால் விடியலில் பல் கிடுகிடுக்கும். கம்பளிச் சட்டை கட்டாயம். காலை ஆறு மணிக்கே இறங்கிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் ஒரு சிங்கத்தைச் சுற்றி இருபது வண்டி நிற்கும்.

மதியச் சாப்பாட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பள்ளத்துக்குள் குளக்கரை ஒன்றில் வண்டியை விட்டு இறங்கிச் சாப்பிட அனுமதி உண்டு. நான் கோழித்துண்டை வாய்க்குக் கொண்டுபோகும்போது காதருகே 'விசுக்'கென்று ஒரு காற்று. கையில் எலும்பு கூட மிஞ்சவில்லை, விரலில் ஒரு கீறல் மட்டும். கள்ளப்பருந்து. தமிழில் எவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்! வண்டிக்குள் உட்கார்ந்தே சாப்பிடுங்கள்.

செரெங்கெட்டி: 14,763 சதுர கிலோமீட்டர். குறைந்தது இரண்டு இரவு, முடிந்தால் மூன்று. நடுவில் உள்ள செரோனேரா பகுதியில் ஆண்டு முழுக்க விலங்குகள் இருக்கும். ஆற்றோரத்து மரக்கிளைகளில் சிறுத்தையைத் தேடுங்கள். முதலில் கண்ணில் படுவது கீழே தொங்கும் வால்தான்.

படி 3: கட்டணக் கணக்கை நேரத்தோடு சேர்த்துப் பாருங்கள்

பலர் கோட்டைவிடும் இடம் இது. செரெங்கெட்டி நுழைவுச்சீட்டு 24 மணி நேரக் கணக்கில்தான். மதியம் ஒரு மணிக்கு நுழைந்தால், கிளம்பும் நாளிலும் ஒரு மணிக்குள் வாசலைத் தாண்ட வேண்டும். கடைசி நாள் காலையில் ஓட்டுநர் அவசரப்படுவது இதனால்தான். அவரைக் கோபித்துப் பயனில்லை. அருஷாவிலிருந்து செரெங்கெட்டிக்குச் சாலை வழியே போனால் ங்கோரோங்கோரோ காப்புப் பகுதியைக் கடந்தாக வேண்டும், அதற்கும் கட்டணம். பள்ளத்துக்குள் இறங்க ஒவ்வொரு வண்டிக்கும் தனிக் கட்டணம். விலைப்பட்டியல் அனுப்பும் முகவரிடம் 'இந்த மூன்றும் இதில் அடங்குமா?' என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். நான் வாய்வார்த்தையை நம்பி, வாசலில் நின்று பணம் எண்ணினேன்.

வண்டியைப் பொறுத்தவரை, கூரை மேலே எழும்பும் லேண்ட் குரூசர்தான் இங்கே வழக்கம். எல்லாருக்கும் ஜன்னல் சீட்டு கிடைக்குமா என்று மட்டும் கேளுங்கள். சிறு விமானத்தில் செரெங்கெட்டிக்குப் பறப்பதானால் 15 கிலோவுக்குள், சக்கரமும் சட்டகமும் இல்லாத துணிப்பை வேண்டும்.

படி 4: மக்களைப் பார்க்கும் நாட்களை நடுவில் வையுங்கள்

மூன்று நாள் தொடர்ந்து வண்டியில் குலுங்கினால் நான்காம் நாள் யானைகூடச் சலிக்கும். நடுவில் ஒரு நாள் காலால் நடக்க வேண்டும்.

முதல் நிறுத்தமாக ம்டோ வா ம்பு நல்லது. 'கொசு ஆறு' என்று பொருள், பெயருக்குத் துரோகம் செய்யாத ஊர். நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்த இனத்தார் ஒன்றாக வாழும் இடம். வாழைத்தோப்புக்குள் நடந்து, செவ்வாழை தின்று, சாக்கா மக்கள் வாழைப்பழத்திலும் கேழ்வரகிலும் காய்ச்சும் 'ம்பெகே' என்ற கள்ளை ஒரு வாய் குடித்துப் பார்க்கலாம். குழம்பாக, புளிப்பாக இருக்கும். ஒரு வாய் எனக்குப் போதுமாக இருந்தது.

அடுத்து மாசாய். இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள். செரெங்கெட்டியின் புல்வெளியில் மாடு மேய்த்தவர்கள் அவர்கள். 1959-ல் அவர்களை அங்கிருந்து நகர்த்தி, ங்கோரோங்கோரோவைத் தனிக் காப்புப் பகுதியாகப் பிரித்து, அங்கே மக்களும் மாடுகளும் விலங்குகளும் சேர்ந்து இருக்கலாம் என்றார்கள். 2022 முதல் அங்கிருந்தும் குடும்பங்களை ம்சொமேரா என்ற தொலைவான கிராமத்துக்கு இடம்பெயர்ப்பது பெரிய சர்ச்சையாக இருக்கிறது. நாம் 'ஆள் இல்லாத காடு' என்று படம் எடுக்கும் வெளி, அவர்கள் விட்டுப்போன மேய்ச்சல் நிலம்.

சாலையோரத்து மாசாய் குடியிருப்புகளில் வண்டிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு உள்ளே விடுவார்கள். குதித்து ஆடுவார்கள், பாசிமணி மாலை விற்பார்கள். இது நாடகம்தானே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கும் முதல் பத்து நிமிடம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் குடிசைக்குள் போனபோது நிலைமை மாறியது. குச்சியும் மண்ணும் சாணமும் வைத்துப் பெண்களே கட்டும் வீடு. உள்ளே ஒரே இருட்டு. கண் பழகியபின் அடுப்பின் கங்கு தெரிந்தது, கையளவு துளை வழியே ஒரு கோடு வெளிச்சம், மூலைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு கன்றுக்குட்டி மூச்சுவிடும் சத்தம். வீட்டுக்காரப் பெண் என்னிடம் எத்தனை மாடு இருக்கிறது என்று கேட்டாள். ஒன்றுகூட இல்லை என்றதும் அவள் பார்த்த பார்வையில் உண்மையான பரிதாபம் இருந்தது. எனவே குதிப்பதை மட்டும் படமெடுத்துவிட்டு ஓடாதீர்கள், உள்ளே போய் உட்காருங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

எயாசி ஏரிப் பக்கத்தில் ஹட்சாபே மக்கள் இருக்கிறார்கள். வேட்டையாடியும் கிழங்கும் தேனும் சேகரித்தும் வாழ்பவர்கள். நாக்கைச் சொடுக்கும் ஒலிகள் நிறைந்த மொழி. பக்கத்திலேயே டட்டோகா கொல்லர்கள் பழைய பூட்டு, குழாய் போன்ற உலோகங்களை உருக்கிக் காப்பும் அம்புமுனையும் செய்கிறார்கள். அந்த அம்புமுனைகள் ஹட்சாபே கைக்குப் போகின்றன. இரண்டையும் ஒரே காலையில் பார்த்தால்தான் இந்தக் கொடுக்கல்வாங்கல் புரியும். நான்கைந்து பேருக்கு மேல் கூட்டமாகப் போகாதீர்கள். மிகச் சிறிய சமூகம், அவர்கள் வீட்டு முற்றத்தில் நிற்கிறோம்.

ங்கோரோங்கோரோவுக்கும் செரெங்கெட்டிக்கும் நடுவில் ஓல்டுவாய் பள்ளத்தாக்கு. 1959-ல் தொல்லியல் ஆய்வாளர் மேரி லீக்கி இங்கே மனிதனின் பழங்கால உறவினம் ஒன்றின் சுமார் 17.5 லட்சம் ஆண்டு பழைய மண்டையோட்டைக் கண்டெடுத்தார். 1978-ல் தெற்கே லெயெடோலியில் அவருடைய குழு வெளிக்கொணர்ந்த, இரண்டு காலால் நடந்த மனித மூதாதைகளின் காலடித் தடங்கள் சுமார் 36 லட்சம் ஆண்டு பழையவை; அவற்றின் அச்சு இங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும், எப்படியும் அந்த வழியாகத்தான் போவீர்கள்.

படி 5: காகிதமும் பையும்

மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவைப்படுமா என்பது நீங்கள் எந்தெந்த நாடு வழியாகப் போகிறீர்கள், எங்கே திரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தேவையென்றால் தள்ளிப்போடாதீர்கள், ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரைப் பாருங்கள். பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜூன் முதல் தடை, பயணிகளுக்கும் சேர்த்துத்தான். தொலைநோக்கி ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சிங்கத்தைவிட அதற்குத்தான் சண்டை நடக்கும்.

படி 6: வண்டிக்குள் எப்படி இருப்பது

இறங்கக் கூடாது, கத்தக் கூடாது, தேசியப் பூங்காக்களில் பாதையை விட்டு ஓட்டச் சொல்லி ஓட்டுநரைத் தொந்தரவு செய்யக் கூடாது. பிடிபட்டால் தண்டனை அவருக்கு. அவரோடு பழக எளிய வழி, விலங்குகளின் சுவாஹிலிப் பெயர்களைக் கற்றுக்கொள்வது. சிம்பா சிங்கம், டெம்போ யானை, ட்விகா ஒட்டகச்சிவிங்கி, சூயி சிறுத்தை, டூமா சிவிங்கிப்புலி, கிஃபாரு காண்டாமிருகம். இரண்டாம் நாள் நான் 'சூயி?' என்று கேட்டதும் சிரித்துவிட்டு, அதுவரை போகாத ஒரு கிளைப்பாதையில் வண்டியைத் திருப்பினார்.

ஏழு நாளை நான் இப்படிப் பிரிப்பேன்: தாராங்கிரே ஒரு நாள், ம்டோ வா ம்பு நடை ஒரு நாள், ஓல்டுவாயைப் பார்த்துக்கொண்டே செரெங்கெட்டி போய் இரண்டு இரவு, திரும்பும் வழியில் மாசாய் குடியிருப்பு, மறுநாள் விடியலில் ங்கோரோங்கோரோ பள்ளம், கடைசி நாள் எயாசி.

இன்னும் இரண்டு நாள் கையில் இருந்தால் கடற்கரை விடுதிக்கு ஓடாமல், சான்சிபார் தீவின் பழைய நகரமான ஸ்டோன் டவுனில் தங்குங்கள். அடிமைச் சந்தை இருந்த இடத்தில் எழுப்பிய தேவாலயத்தை முதலில் பாருங்கள், அப்புறம் சந்துகளில் வழி தவறுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். செதுக்கிய மரக்கதவுகள் தெருவுக்குத் தெரு வரும். சிலவற்றில் கூரான பித்தளைக் குமிழ்கள் வரிசையாக இருக்கும். யானை முட்டித் திறக்காமல் இருக்க இந்தியாவில் வைத்த வழக்கம், யானையே இல்லாத தீவுக்குக் கப்பலேறி அலங்காரமாகிவிட்டது என்று வழிகாட்டி சொன்னார். தாராங்கிரேயில் யானை கிழித்த மரத்தைப் பார்த்துவிட்டு வந்தவன் என்பதால், அந்தக் குமிழைத் தொட்டுப் பார்க்காமல் நகர முடியவில்லை.