சர்வரை நிறுத்தாமல் எல்விஎம் சேமிப்பிடத்தை விரிவாக்கும் முறை

லினக்ஸ் சர்வரில், பதிவுகளும் தரவுத்தளமும் போன்ற மாறும் தரவு இருக்கும் 'வார்' (/var) அடைவு நிரம்பினால் தரவுத்தளம் எழுத மறுக்கும், பதிவுகள் நின்றுபோகும், மின்னஞ்சல்கள் வரிசையில் தேங்கும். அந்தப் பதற்றத்தில் புதிய வட்டைச் சேர்க்க விரையாமல், உண்மையில் எது தீர்ந்துபோயிற்று என்பதை முதலில் பார்க்க வேண்டும். வட்டின் இடநிலையைச் சொல்லும் 'டிஎஃப் -ஹெச்' கட்டளை இடம் மிச்சமிருப்பதாகக் காட்டியும் புதிய கோப்பு உருவாகவில்லை என்றால், ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு இடங்கள்) தீர்ந்திருக்கலாம். 'டிஎஃப் -ஐ' அதைக் காட்டிவிடும். கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் 'டியூ' தரும் கூட்டுத்தொகை 'டிஎஃப்' காட்டுவதைவிட மிகக் குறைவாக இருந்தால், அழிக்கப்பட்ட ஒரு பெரிய பதிவுக் கோப்பை ஏதேனும் ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கக்கூடும். 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' கட்டளையால் அந்த நிரலைக் கண்டுபிடித்து, அதை மட்டும் மறுதொடக்கம் செய்தால் இடம் திரும்பக் கிடைக்கும். வட்டு வாங்கும் தேவையே இராது.

உண்மையிலேயே இடம் போதவில்லை என்றால்தான், வட்டு இடத்தை நெகிழ்வாகப் பிரித்தாளும் லினக்ஸ் வசதியான எல்விஎம் பக்கம் வர வேண்டும். இதில் வட்டோ அதில் பிரித்த ஒரு பகுதியான பார்ட்டிஷனோ ஃபிசிக்கல் வால்யூமாகிறது. அவை சேர்ந்து வால்யூம் குரூப் ஆகின்றன. அதிலிருந்து பிரித்துக்கொடுக்கும் லாஜிக்கல் வால்யூமின் மேல் கோப்பு முறைமை அமர்கிறது.

அடுத்து 'விஜிஎஸ்' கட்டளையை இயக்கி, வால்யூம் குரூப்பில் ஒதுக்கப்படாத இடம் உள்ளதா எனப் பாருங்கள். உபுண்டு சர்வரின் நிறுவி, எல்விஎம் தேர்ந்தெடுக்கப்படும்போது, நடுத்தர அளவுள்ள வட்டில் ஏறத்தாழ பாதியை மட்டுமே ரூட்டுக்கு (முதன்மைக் கோப்பு முறைமைக்கு) கொடுத்து மீதியை அப்படியே விட்டுவைக்கும் என்பதால், பலருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடுகிறது.

இடம் இல்லையெனில், புதிய வட்டை இணைத்தபின் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையால் அதன் பெயரையும் அளவையும் இருமுறை சரிபாருங்கள். தவறான வட்டின் பெயரைக் கொடுத்தால் அதிலுள்ள தரவு போய்விடும் என்பதால், இந்த ஓர் இடத்தில் அவசரமே கூடாது. வட்டு முழுவதையும் நேரடியாகக் கொடுக்க எல்விஎம் அனுமதிக்கிறது. ஆயினும் அதில் ஒரு பார்ட்டிஷன் அமைத்துக் கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் எல்விஎம் அறியாத வேறு கருவிகள் அதை வெற்று வட்டு என்று எண்ணிவிடும் வாய்ப்பு குறையும். பின்னர் அதை ஃபிசிக்கல் வால்யூமாக்கும் 'பிவிகிரியேட்', வால்யூம் குரூப்பில் சேர்க்கும் 'விஜிஎக்ஸ்டெண்ட்' ஆகியவற்றை வரிசையாக இயக்குங்கள். மெய்நிகர் இயந்திரத்தில் இருக்கும் வட்டையே பெரிதாக்கியிருந்தால் இவ்விரண்டும் தேவையில்லை. பார்ட்டிஷனை 'குரோபார்ட்' மூலம் நீட்டி, 'பிவிரீசைஸ்' இயக்கினால் போதும்.

இறுதியாக 'எல்விஎக்ஸ்டெண்ட் -ஆர் -எல் +20ஜி' என்ற வடிவில், லாஜிக்கல் வால்யூமின் பாதையையும் சேர்த்துக் கட்டளையிடுங்கள். இங்கே 'எல்' பெரிய எழுத்து, 'ஆர்' சிறிய எழுத்து. 'ஆர்' தெரிவு கோப்பு முறைமையையும் உடன் விரிவாக்கிவிடும். அதை விட்டுவிட்டால் வால்யூம் வளர்ந்திருக்கும், ஆனால் 'டிஎஃப்' பழைய அளவையே காட்டும். அப்போது கோப்பு முறைமையின் வகைக்கேற்ப, ஈஎக்ஸ்டி4-க்கு 'ரீசைஸ்2எஃப்எஸ்', எக்ஸ்எஃப்எஸ்-க்கு 'எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ்' என்று தனியே இயக்க வேண்டும். கூட்டல் குறியை மறந்தால், கூடுதலாக 20 ஜிபி என்பது மொத்த அளவே 20 ஜிபி என்று பொருள் மாறும். அது தற்போதைய அளவைவிடக் குறைவாக இருந்தால் 'எல்விஎக்ஸ்டெண்ட்' மறுத்துவிடும், ஆனால் 'எல்விரீசைஸ்' அதைச் சுருக்கும் ஆணையாகவே எடுத்துக்கொண்டு, எச்சரித்து ஒப்புதல் கேட்கும். ஆகவே வளர்க்கும் வேலைக்கு முன்னதை மட்டுமே பயன்படுத்துங்கள்.

கிடைத்த இடம் முழுவதையும் ஒரே வால்யூமுக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஈஎக்ஸ்டி4-ஐச் சுருக்க வேண்டுமானால் அதை அன்மவுண்ட் செய்தாக (பயன்பாட்டிலிருந்து கழற்றியாக) வேண்டும். எக்ஸ்எஃப்எஸ்-ஐ நடைமுறையில் சுருக்கவே முடியாது. தேவையான அளவு மட்டும் கொடுத்து மீதியை வால்யூம் குரூப்பிலேயே வைத்திருந்தால், நாளை எந்த அடைவு நெருக்கடிக்கு உள்ளானாலும் சில நொடிகளில் உதவலாம், மேம்படுத்தலுக்கு முன் ஸ்னாப்ஷாட்டும் (அந்த நேரத்து நிலையின் நகல்) எடுக்கலாம்.

ரெய்டு (ஒரு வட்டு பழுதானாலும் தரவைக் காக்கும் பல வட்டு அமைப்பு) பாதுகாப்பு இல்லாத இரண்டு வட்டுகளில் ஒரே லாஜிக்கல் வால்யூம் பரவியிருந்தால், அவற்றில் எது பழுதானாலும் அந்தக் கோப்பு முறைமை முழுவதும் பாதிக்கப்படும். ஆகவே உண்மையான வன்பொருளில் இயங்கும் சர்வரில், புதிய வட்டைத் தனியாகச் சேர்க்காமல், இரண்டு வட்டுகளை ஒன்றின் பிரதி மற்றொன்றாக இருக்கும் ரெய்டு1 ஜோடியாக அமைத்துவிட்டு, அதன் மேல் 'பிவிகிரியேட்' இயக்குங்கள்.